காரில் கட்டிய பாவு

எங்கள் ஆரணியில் கார் இல்லாத வீடு உண்டு, சைக்கிள் இல்லாத வீடும் உண்டு. ஆனால் நெசவு நடக்கிற வீட்டில் சைக்கிள் சக்கரம் இல்லாமல் இருக்காது. நூல் சுற்றுகிற ராட்டினத்தில் மாட்டியிருப்பது டயர் கழற்றிய பழைய சைக்கிள் சக்கரம்தான். காரில் வந்து இறங்குகிற பெரிய மனுஷிகள் கட்டியிருக்கிற பட்டுகூட ஒரு சைக்கிள் சக்கரத்தில் சுற்றி வந்ததாகத்தான் இருக்கும். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஆகவே சைக்கிளைப் பற்றி யாராவது இளப்பமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். பஸ் நெற்றியில் இருக்கிற ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். (அதனால்தான் சைக்கிள் கற்றுக்கொண்டாயா என்று கேட்பீர்கள். அதுவும் ஒரு காரணம்தான்.) கல்யாணமாகி வந்த புதிதில் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு அரிசி, நூல், விறகு, விருந்தாளி எல்லாம் என் கேரியரில்தான் வந்திருக்கிறது. என் மகன் செந்தில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதில்தான்.

அந்தச் செந்தில் பெரியவனாகி, செய்யாறு பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய், கார் வாங்கினான்.

வேலைக்குப் போவதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்குக் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். கார் வாரம் முழுக்க எங்கள் வாசலில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். ஞாயிற்றுக்கிழமை எழுந்து, அடுத்த தெருவில் இருக்கிற கறிக்கடைக்குப் போய், அரைக் கிலோ கறி வாங்கிக்கொண்டு வரும். அங்கே நிறுத்த இடம் தேடி, இங்கே வந்து முன்னே போய்ப் பின்னே போய் நிற்பதற்குள், நடந்து போனவர்கள் வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

தூங்குகிறது தூங்கட்டும் என்று நானும் விட்டிருப்பேன். வந்த முதல் வாரமே, பின்னால் எடுக்கிறேன் என்று அது கல்லைச் சாய்த்துவிட்டது.

எந்தக் கல் என்று சொல்ல வேண்டும். சேலைக்கு நீளவாட்டில் ஓடுகிற நூலுக்குப் பாவு என்று பெயர். ஆயிரக்கணக்கான இழை. தறியில் ஏற்றுவதற்கு முன்னால், விடிகிற நேரத்தில் அதைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, மூங்கில் கால்களின் மேல் படுக்க வைத்து, கஞ்சித் தண்ணீர் தெளித்து, இழை இழையாகப் பிரித்துக் காய வைப்போம். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே வந்து கை கொடுக்கும். இழுத்துக் கட்டுவதற்கு இரண்டு கல் நட்டிருந்தார்கள். தெருக்கோடி வேப்பமரத்தடியில் ஒன்று, எங்கள் வாசலில் ஒன்று. செந்தில் சாய்த்தது எங்கள் கல்லை இல்லை, தெருவின் கல்லை.

திரும்ப நட்டுக் கொடுடா என்றேன். நட்டால் வண்டி திருப்ப முடியாது என்றான். அதற்கப்புறம் ஊர்ப் பாவெல்லாம் எங்கள் ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். நாளாக நாளாக ஜன்னல் சட்டமே சுவரை விட்டு வெளியே வந்து தெருவை எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. கட்ட வருகிறவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள், காரைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொல்லியிருந்தால் தேவலை.

இது இப்படி இருக்க, ஒருநாள் செந்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். அவனோடு வேலை செய்கிறவர் யாரோ என்னை பஜாரில் பார்த்திருக்கிறார். கேரியரில் அரிசி மூட்டை, ஹேண்டிலில் ரெண்டு பை, முன்னால் கூடையில் ஒரு பூசணிக்காய். உங்கம்மாவுக்கு யாரும் இல்லையா என்று கேட்டாராம்.

"இந்த வயசுல உனக்கு சைக்கிள் இன்னாத்துக்கும்மா? கார் நிக்குது. எங்க போணும்னு சொல்லு, இட்டுகினு போறேன்."

"நீ அந்தப் போர்வைய மடிக்கிறதுக்குள்ள நான் போயிட்டு வந்துடுவேன்."

"வுழுந்து கைகால் போச்சுன்னா யாரு பாக்கறது?"

"நான் வுழுந்தா எழுந்துக்குவேன். உன் கார் தள்ளின கல்லு எழுந்துக்கிச்சா?"

உள்ளே மருமகள் கோமதி சிரித்துவிட்டு, அது இருமல் மாதிரி தெரிய வேண்டும் என்று ரொம்ப நேரம் இருமினாள். எங்கள் வீட்டுக்காரர் தறியை நிறுத்தவில்லை. அவர் சண்டையைத் தறிச் சத்தத்துக்கு நடுவில் கேட்கிறவர். பாதிதான் காதில் விழும், அதனால் முழு நிம்மதி.

பேச்சு வளர்ந்து பந்தயத்தில் நின்றது. ஒரு வாரம் காரை யாரும் தொடக்கூடாது. வீட்டு வேலை அத்தனையும் சைக்கிளிலேயே நடக்க வேண்டும். நடந்துவிட்டால் கார் இனிமேல் வாசலில் நிற்காமல் ரைஸ்மில் மைதானத்தில் நிற்கும், கல் திரும்ப வந்துவிடும். ஒரு வேலைக்காவது கார் தேவைப்பட்டுவிட்டால் என் சைக்கிள் பழைய இரும்புக் கடைக்கு. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சாவியைக் கொடு என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

(ஒரு சாவியை. அதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் கவனிக்கவில்லை.)

அந்த வாரம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சைக்கிளுக்கே வெட்கமாக இருக்கும். மழை வந்தது. கேஸ் தீர்ந்தது, சிலிண்டரைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். கோமதியைப் பின்னால் உட்கார வைத்து பேங்குக்குப் போனேன். போகும்போது, கண்ணை மூடிகினு இருக்கேன் அத்தை, வந்ததும் சொல்லுங்க என்றாள். எங்கள் வீட்டுக்காரரை பிரஷர் பார்க்க டாக்டரிடம் கூட்டிப் போனேன். மனுஷன் ஒரு கையில் குடை, ஒரு கையில் என் சீட்டின் அடிக்கம்பி, இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு ஊர்வலம் மாதிரி வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, வழக்கத்தைவிட ஏறியிருக்கிறதே, எதில் வந்தீர்கள் என்று கேட்டார். இவர் என்னைக் கையால் காட்டினார்.

இருந்தாலும் எல்லாம் நடந்தது. கார் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. செந்தில் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தான். எனக்கு நடையே மாறிவிட்டது. தெருவில் சும்மா போகும்போதுகூட மணி அடித்துக்கொண்டு போனேன்.

பந்தயத்தின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு எங்கள் வீட்டுப் பாவு. அரக்குச் சிவப்பு. எங்கள் வீட்டுக்காரர் வெகு நாளாக ஆசைப்பட்டுச் சாயம் பார்த்து எடுத்த நிறம். விடியும்போதே தெரு ஜனம் வந்துவிட்டது. வேப்பமரத்தடிக் கல்லில் அவர் கயிறு கட்டினார். இந்தப் பக்கம் ஜன்னல் தாங்காது என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த வாரம் பார்க்கலாமா என்றார்.

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் அதைவிட நியாயமான யோசனை வந்ததே இல்லை.

"கல்லத் தள்ளினது இதுதானே? கல்லு வேலைய இதுவே பாக்கட்டும்" என்று காரைக் காட்டினேன்.

போர்வையைத் தூக்கிப் பார்த்தால், காரின் பின்பக்கம் அடியில் வளையமாக ஒரு கொக்கி இருந்தது. அது எதற்கு என்று எனக்குத் தெரியாது. பாவு கட்டத்தான் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன்.

"வண்டி நவுந்துட்டா?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

நான் முந்தானை முடிச்சைத் தட்டிக் காட்டினேன். "சாவி இங்க இருக்குது. ஒரு வாரமா நவுராதது இன்னிக்கு நவுருமா? இப்பதான் அது இந்த வூட்டுக்கு ஒரு வேலை செய்யுது."

எல்லாரும் சிரித்தார்கள். நானே என் கையால் முடிச்சுப் போட்டேன். பாவு தெருவின் பாதி நீளத்துக்கு, ஒரு தொய்வு இல்லாமல், கம்பி மாதிரி நின்றது. கல்லில்கூட அவ்வளவு விறைப்பாக நின்றதில்லை. நான் வேப்பமரத்துப் பக்கம் போய்க் கஞ்சி தெளிக்க ஆரம்பித்தேன்.

பாதி தெளித்திருப்பேன். எங்கள் எதிர் வீட்டில் ஒரு அலறல். பச்சையம்மாவின் மகள் ரேவதி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நாள் இன்னும் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைக்கு அது தெரியுமா? தெரு ஜனம் பாவை விட்டுவிட்டு அங்கே ஓடியது. எங்கள் வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் கஞ்சி கொண்டுவர உள்ளே போயிருந்தார். நான் மட்டும் நின்றேன். கஞ்சி போட்ட பாவை நடுவில் விட்டால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்க முடியாது. ஆட்டோ கூப்பிடுகிறார்கள், ஆட்டோக்காரர் கண்ணமங்கலத்துக்குச் சவாரி போயிருக்கிறார் என்று அங்கிருந்து பேச்சு காதில் விழுந்தது. நான் தெளித்துக்கொண்டே இருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால், போர்வைக்குள் காரின் பின்விளக்கு எரிகிறது.

அந்த இடத்தில் எந்த மனுஷியும் பாவு, பாவு என்றுதான் கத்தியிருப்பாள். நான் என்ன கத்தினேன் தெரியுமா? "டேய், சாவி எங்கிட்ட இருக்குதுடா" என்று கத்தினேன். என் முந்தானையில் சாவி இருக்கும்போது அது எப்படிக் கிளம்பும் என்பதுதான் எனக்கு அப்போது பெரிய சந்தேகமாக இருந்தது. என் சைக்கிளுக்கு ஒரே சாவி. அதுவும் தொலைந்துபோய், ஒரு கம்பியை விட்டுத் திறப்பேன். கார் வாங்கினால் இரண்டு சாவி கொடுப்பார்கள் என்று யார் எனக்குச் சொன்னார்கள்?

ரேவதியைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டிருந்த பச்சையம்மா திரும்பிப் பார்த்தாள். நான் கஞ்சிக் கையோடு, சாவி, சாவி, எடுக்காதே என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறேன்.

"இந்த நேரத்துல பந்தயம் கேக்குதாக்கா உனக்கு?" என்றாள். அழுதுகொண்டே கதவை இழுத்துச் சாத்திவிட்டாள்.

செந்தில் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான். "நீயே ஜெயிச்சதா வெச்சிக்கோம்மா, ஆள வுடு" என்று சொல்லிவிட்டு எடுத்தான்.

முதலில், அவசரத்தில் பாதி மட்டும் உருவி, கொக்கியை மறைத்துக்கொண்டு பின்னால் தொங்கிய போர்வை நழுவித் தெருவில் விழுந்தது. அப்புறம் மூங்கில் கால்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பாவு ஒரு நிமிஷம் இழுத்துக்கொண்டு நின்றது. இரண்டு முனையிலும் இரண்டு முடிச்சு. ஒன்று நான் போட்டது, ஒன்று அவர் போட்டது. வேப்பமரத்து முடிச்சு அவிழ்ந்தது. என் முடிச்சு நின்றது. (இதை நான் அவருக்கு இன்றுவரை சொல்லிக் காட்டுவதுண்டு.) அவ்வளவு நீளப் பட்டும், ஈரம் சொட்டச் சொட்ட, தெருவைக் கூட்டிக்கொண்டு, முனை திரும்பிப் போய்விட்டது. எங்கள் வீட்டுக்காரர் கஞ்சிக் குண்டானோடு வெளியே வந்து, வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சைக்கிளை எடுத்தேன்.

அந்த வயதில் நான் அப்படி மிதித்தது எனக்கே தெரியாது. தலையில் பாவு தெறித்த கஞ்சி, புடவை முட்டிக்கு மேல். வழியெல்லாம் ஈரக்கோடு போட்டிருந்ததால் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. டீக்கடையில் ஒருவர், கல்யாண வண்டியா, ஜோடனை அவுந்து போவுதே என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பஜாரில் காய்கறி லாரி ஒன்று மூட்டை இறக்கிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் கார், காருக்குப் பின்னால் வண்டிகள். செந்தில் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். கொஞ்சம் பின்னால் எடுத்து வேறு பக்கம் நுழையப் பார்த்திருக்கிறான். பட்டு சக்கரத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. சைக்கிள் சக்கரத்தில் பட்டு சுற்றினவர்கள் எங்கள் ஊரில் ஆயிரம் பேர். கார் சக்கரத்தில் சுற்றினவள் நான் ஒருத்திதான்.

வண்டிகளுக்கு நடுவில் நுழைந்து நுழைந்து போய்க் கார்க்கதவைத் தட்டினேன். செந்தில் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். "இங்கியும் வந்துட்டியா?" என்றான். நான் பின்னால் காட்டினேன். இறங்கி வந்து பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை. நெசவுக்காரன் மகன்தானே.

உள்ளே ரேவதி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பச்சையம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முடிந்த சேலையைத் தறியிலிருந்து அறுக்கும்போதே நாங்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கத்தி வைப்போம். பாவை அறுப்பது என்பதை வாயால் சொல்லக்கூட மாட்டோம். அதுவும் அந்த அரக்குச் சிவப்பு. செந்தில், அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்கவா என்றான். கேட்டால் அந்த மனுஷன் அறு என்றுதான் சொல்லுவார். ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வைக்க எனக்கு மனசில்லை. வாழைப்பழக்காரியின் கத்தியை வாங்கினேன். ரோட்டில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, சக்கரத்தைச் சுற்றியிருந்த பட்டை நானே அறுத்தேன், கொக்கிக் கயிற்றையும் முடிச்சு கலையாமல் அறுத்து எடுத்தேன். கும்பிடு போட மறந்துவிட்டேன். ரேவதி உள்ளேயிருந்து முருகா என்றாள். அதையே கணக்கில் வைத்துக்கொண்டேன்.

"ஏறு, எடுடா ஜல்தியா" என்றேன்.

"எங்க எடுக்கிறது? லாரி நிக்குதேம்மா."

அதுவும் சரிதான். மிச்சப் பட்டைச் சுருட்டிக் கேரியரில் வைத்துக் கட்டினேன். சைக்கிளைக் காருக்கு முன்னால் கொண்டுபோய், மணியை அடிக்க ஆரம்பித்தேன். காரின் ஹாரனுக்கு நகராத பஜார், தலையில் கஞ்சியோடு ஒரு கிழவி சிவப்புப் பட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து நகர்ந்தது. லாரிக்காரரைப் பெயர் தெரியாமலே திட்டினேன். மூட்டை தூக்குகிறவர்களைத் திட்டினேன். தள்ளுவண்டிகளைக் கையாலேயே தள்ளினேன். நான் முன்னால், கார் பின்னால், சைக்கிள் வேகத்திலேயே ஆஸ்பத்திரி வரைக்கும் போனோம். வழிநெடுக என் பின்னால் வந்த அந்தக் காரை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. பச்சையம்மா வெளியே வந்து என் தலையில் காய்ந்துபோன கஞ்சியை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டே, அக்கா என்று மட்டும் சொன்னாள். அதோடு சரி.

வீட்டுக்கு வந்து பட்டு மூட்டையை எங்கள் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். மண், கிரீஸ், கீரைத் தண்டு எல்லாம் இருந்தது. கையால் பிரித்துப் பார்த்தார். ஒரு முனையில் கயிறும் கொக்கியின் துருவும் அப்படியே இருந்தன.

"இந்த முடிச்சு யார் போட்டது?"

"நான்தான்."

"கெட்டியா போட்டுக்கிற" என்றார். எழுந்துபோய்த் தறியில் உட்கார்ந்தார். தறியில் பாவு இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு எனக்கு எதுவும் பேசத் தோன்றவில்லை. (கோமதி இன்றும் அதைத்தான் பெரிய அதிசயமாகச் சொல்லுகிறாள்.)

பந்தயத்தில் யார் ஜெயித்தது என்பதற்கு எங்கள் வீட்டில் இன்னும் முடிவு வரவில்லை. கார் இல்லாவிட்டால் ரேவதியை எதில் ஏற்றியிருப்பாய் என்பான் செந்தில். சைக்கிள் இல்லாவிட்டால் உன் கார் பஜாரிலேயே பிரசவம் பார்த்திருக்கும் என்பேன் நான். இரண்டு பேரும் விட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் வாசலில் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், செந்தில் கடப்பாரையோடு நின்று கல் நட்டுக்கொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை. கார் ரைஸ்மில் மைதானத்துக்குப் போய்விட்டது. சைக்கிள் இரும்புக் கடைக்குப் போகவில்லை. பட்டில் தேறினதை வைத்து எங்கள் வீட்டுக்காரர் ஒரு சின்னப் பாவாடைத் துணி நெய்தார். ரேவதி மகள் முதல் பிறந்தநாளுக்கு அதைத்தான் போட்டாள். ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு, எத்தனை அலசியும் போகவில்லை. கரை அழகாக இருக்கிறதே என்று வந்தவர்கள் கேட்டார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் யார் காரை எடுத்தாலும், ஏறுவதற்கு முன்னால் ஒருவர் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, பாவு இல்ல, எடு என்று சொல்ல வேண்டும். வெளியூர்க் கல்யாணமாக இருந்தாலும், இழவாக இருந்தாலும், இதைச் சொல்லாமல் வண்டி நகராது. செந்தில் கம்பெனியில்கூட இந்தப் பேச்சு பரவி, பஸ்ஸை எடுக்கும்போது யாராவது சொல்லிவிட்டு அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். ரேவதியின் மகள் இப்போது தத்தித் தத்தி ஓடுகிறாள். பாட்டி வீட்டுக்கு வரும்போதெல்லாம் குனிந்து பார்க்கிற வேலை அவளுடையதுதான். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பாவு இல்ல, ஆயா" என்று சத்தமாகச் சொல்லுவாள். நான் கேட்காத மாதிரி மணி அடித்துக்கொண்டு போய்விடுவேன்.

ஒன்று மட்டும் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெருமுனை திரும்பியதும் நானும் சைக்கிளை நிறுத்தி, கேரியருக்குக் கீழே ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.